மீட்டர் தாத்தா

"மீட்டர் தாத்தா வந்தா நீ வாய் குடுக்காத தம்பி. பின்னுக்கு அனுப்பு, நான் பார்த்துக்கிறன்."

புத்தளத்தில் அந்த இலெக்ட்ரிக் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் முதலாளி என்னிடம் இப்படிச் சொல்லி வைத்தார். யுத்தம் முடிந்து வன்னியிலிருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தவன் நான். எனக்குத் தாத்தா என்றால் கிழவர். ஆகவே வாசலில் கண் வைத்திருந்தேன். தடித்த கண்ணாடியும் வெள்ளைத் தாடியுமாக ஒருவர் வந்து பியூஸ் கம்பி கேட்டார். "வாங்கோ தாத்தா" என்று கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, பிளேன்டீயும் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் முன்மேசையில் ஆறு பல்புப் பெட்டிகள் திறந்து கிடந்தன. கறுப்பு அபாயா போட்ட, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஏழாவது பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

அவர்தான் மீட்டர் தாத்தா. இந்தப் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. அதை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சிலாபம் பக்கமிருந்து கடைக்கு வரும் சிங்களவர்களின் பாடு இன்னும் மோசம், அவர்கள் பாஷையில் தாத்தா என்றால் அப்பா. யாருடைய அப்பா என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணோ இதொன்றையும் கவனிக்காமல் எட்டாவது பெட்டிக்குப் போயிருந்தார். பின்பக்கம் இருந்த பெரியவர் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, இந்தக் கடையில் நல்ல மரியாதை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீட்டர் தாத்தா ஒரு இடத்தில் அமர்ந்து இருந்து நான் அதிகம் கண்டதில்லை. தேநீரையும் நின்றபடிதான் குடிப்பார், அதிலும் ஒரு கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். தில்லையடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை தைப்பதுதான் அவருடைய தொழில். தையலுக்கு நடுவில் நாலு தரம் எழும்பி நடப்பார். எங்கே போனாலும் தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் ஒரு மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டர், ஒரு பழைய முள் மீட்டர், வயரைக் கவ்விப் பிடிக்கிற கிளிப்புகள், இரண்டு வயர் நீட்டிக்கொண்டிருக்கும் ஹோல்டரில் ஒரு பல்பு, ஒரு கொப்பி, ஒரு பென்சில். தையல் நூல் ஒருநாளும் அந்தப் பைக்குள் போனதில்லை.

அவரிடம் சாமான் திருத்தக் கொண்டுபோனவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். "நான் திருத்துறல்ல. அளக்குறது மட்டும்தான்" என்பார். உங்கள் ரேடியோவைத் திறந்து, இந்த இடத்தில் வரவேண்டியது வரவில்லை என்று சொல்லி, பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு மூடித் தந்துவிடுவார். அந்த வட்டத்தைக் காட்டினால் எந்தத் திருத்துகிற ஆளும் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொள்வான். ஏன் நீங்களே திருத்தக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "திருத்துறவருக்குத் தன்ட வேலை நல்லாயிரிக்கின்னு சொல்லவேண்டி வரும் தம்பி. அளக்குறவருக்கு அந்தத் தேவை இல்ல" என்றார்.

அவருக்கு எல்லாமே சுமைதான். முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் எங்கள் கடைப் பற்றரி ஒன்றில் மீட்டரை வைத்து, "பன்னிரண்டரை காட்டுது, நல்ல சாமான்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தன் பையிலிருந்து ஒரு கார் பல்பை எடுத்து அதில் மாட்டினார். எண் மளமளவென்று இறங்கி ஒன்பதில் நின்றது. முதலாளி பின்பக்கம் போய்விட்டார்.

"சும்மா கிடக்கக்குள்ள எல்லாருக்கும் பன்னிரண்டரைதான் தம்பி. சுமை போட்டாத்தான் ஆளைத் தெரியும்."

எதிர்ப்பக்கமும் உண்டு. செத்துக் கிடக்கிற வயருக்குப் பக்கத்தில் கரண்ட் உள்ள வயர் ஓடினால், செத்ததிலும் ஐம்பது அறுபது என்று மீட்டர் காட்டும். பல்பை மாட்டியதும் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். அதற்கு அவர் வைத்த பெயர் பொய்க் கரண்ட். ஊரில் பாதிச் சண்டை பொய்க் கரண்டால் வருகிறது என்பது அவருடைய கட்சி. வாக்குக் கேட்டு வெள்ளை உடுப்பில் வந்த ஒருவர் ஒழுங்கைக்குக் கல் போட்டுத் தருவதாகச் சொன்னபோது, "கல்லு பிறகு வரட்டும். இந்தத் தெரு லைட்டை மாத்தித் தாங்க, பாப்பம்" என்றாராம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் தையல் மெஷினை மூலையிலிருந்து யன்னலடிக்குத் தூக்கி வைக்கச் சொன்ன கதையும் தில்லையடியில் உலாவுகிறது. உண்மையா என்று நானே கேட்டிருக்கிறேன்.

"ஓம். தூக்கி வச்சாரு. ஆனா முகம் விழுந்திட்டு. பத்துக்குக் கீழ."

சிரித்தேன். சிரித்தாலும் உள்ளுக்குள் ஒரு நமைச்சல் இருந்தது. இவர் என்னை எத்தனையில் வைத்திருப்பார்?

நான் எந்த ஊர் என்று அவர் கேட்டது இரண்டாவது மாதம். சொன்னேன். "ஓ, அந்தப் பக்கமா" என்றார், கால் தாளம் நின்றது. அவர் மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டில் விரட்டப்பட்டு வந்தவர். எங்கள் பக்கத்து ஆயுதக்காரர் போகச் சொன்னதால் போன முஸ்லிம் சனம். அப்போது நான் பால்குடி, ஆனால் அதைச் சொல்லாமல் மேசையில் கிடந்த பல்புப் பெட்டிகளை அடுக்கினேன். அவர் பையிலிருந்து முள் மீட்டரை எடுத்து மேசையில் வைத்தார். "இது எங்கட வாப்பாடது. ஊரை விட்டு வரக்குள்ள உம்மா என்ட கையில சோத்துப் பார்சலைத் தந்தாங்க. நான் சோத்துக்குள்ள இதை வச்சிக்கிட்டன். ஒரு கிழமைக்கு நீங்க வச்சிக்கோங்க தம்பி."

ஏன், எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டார். அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. மீட்டரைத் துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்து, குழந்தையின் கைக்கு எட்டுமா என்று தினமும் பார்த்தேன். எட்டாம் நாள் வந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொடவே இல்லையா?"

"இல்லை தாத்தா."

"பயமா, மரியாதையா?"

"ரெண்டும்தான்."

கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன், மூடிக்கொண்டார்.

அவர் வீட்டில் பெரிய பெட்டி ஒன்று இருந்தது, கரண்டின் அலையைத் திரையில் கோடாகக் காட்டுகிற பெட்டி. கொழும்பு நடைபாதையில் பழசாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. போட்டவுடன் அந்தக் கோடு நிற்காமல் ஓடும். அவர் ஒரு திருகை மெல்ல மெல்லத் திருப்புவார். ஓடுகிற அலை தடுமாறி, தயங்கி, கடைசியில் அசையாமல் நிற்கும். அது நின்ற பிறகுதான் அவர் கதிரையில் இருப்பார். இரண்டு நிமிடம் இருப்பார், அவ்வளவுதான். அவருக்கு அந்த இரண்டு நிமிடம் எத்தனை தேவை என்று அப்போது நான் யோசிக்கவில்லை, வேடிக்கை பார்த்தேன்.

இனி என் வீட்டுக் கதைக்கு வரவேண்டும். அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தில்லையடியில் ஒரு ஹாஜியாரின் வளவில் நாலு வாடகை வீடுகள். அதில் ஒன்றில் நாங்கள். குடிவந்து மூன்றாம் மாதம் என் மனைவி, பின்பக்கக் குழாயில் கை வைத்தால் சுள்ளென்று இழுக்கிறது என்றாள். நான் பிடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இரண்டு நாளில் திரும்பவும் சொன்னாள். அடுத்த வீட்டுப் பெண் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, ஜின்னாகவும் இருக்கலாம், ஓதிப் பார்ப்போமா என்று கேட்டாள். மனைவி, "ஜின்னோ கரண்டோ, பிள்ளை தவழுற வீடு. வேற வீடு பாருங்கோ" என்றாள்.

எனக்கு அது மட்டும் முடியாது. யுத்தத்தில் எத்தனை இடம் மாறினோம் என்று எண்ணுவதை நாங்கள் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டோம். மூட்டை கட்டுகிற கயிற்றைக் கண்டால் சுருட்டிக் கண்ணில் படாத இடத்தில் எறிந்துவிடுவேன். இந்த வீட்டில்தான் முதல் தடவையாகச் சுவரில் ஆணி அடித்தேன். இன்னொரு மூட்டை கட்டமாட்டேன் என்று சத்தம் போட்டுவிட்டு, மீட்டர் தாத்தாவைக் கூட்டிவந்தேன்.

அவர் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். வெயில் நேரம். குழாய்க்கும் ஈரத் தரைக்கும் இடையில் மஞ்சள் மீட்டரை வைத்தார். ஐம்பத்தெட்டு காட்டியது. மனைவி என்னைப் பார்த்தாள். தாத்தா ஹோல்டர் பல்பை மாட்டினார், எண் பூச்சியத்துக்குச் சுருண்டது. நாலு தரம் செய்தார், நாலு தரமும் அப்படியே. பள்ளிவாசலில் பின்னேரத்து அஸர் பாங்கு சொல்ல எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு, "பொய்க் கரண்ட்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் தொழப் போனார்.

நான் வென்றுவிட்டேன். அன்று பின்னேரம் முழுக்க மனைவியைக் கேலி செய்தேன். குழாயடிக்குப் போகும்போதெல்லாம், "கவனம், பொய் கடிச்சிடும்" என்றேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த கிழமை அந்தக் குழாய் அவளைப் பிடித்தது. கை இறுகிப்போய் விடமுடியாமல், உடம்பை இழுத்துப் பின்பக்கமாக விழுந்து, சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் அடிபட்டு வலது மணிக்கட்டு முறிந்தது. குழந்தை இரண்டு முழத் தூரத்தில் கோப்பையோடு இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கையைக் கட்டி முடிக்கும்வரை நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியில் நடந்தேன். பிழை என்னுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் நேரே தாத்தாவின் வீட்டுக்குப் போனேன்.

அவர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடி கத்தினேன். "உங்களை நம்பினது என்ர பிழை. உங்கட ஆக்களை நம்பினா இப்பிடித்தான் முடியும்."

உங்கட ஆக்கள். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. மன்னாரிலிருந்து சோற்றுப் பார்சலோடு வந்த ஒரு பெண்ணைப் பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து வந்த நான் சொன்னேன். அதை இன்று எழுதும்போதும் கூசுகிறது. கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தங்கச்சிட கை எப்பிடி?"

மறுநாள் காலையில் பையோடு வந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் வாங்கோ என்று சொல்லவில்லை. மூன்று நாள் வந்தார். காலைத் தொழுகை முடித்து வந்து இருட்டும்வரை, கால்மணிக்கு ஒரு தரம் அந்தக் குழாயை அளந்து கொப்பியில் எழுதினார். இடையில் வளவைச் சுற்றி நடந்தார், மதிலைத் தட்டினார், மண்ணைத் தோண்டிப் பைப்பைப் பார்த்தார். தொழுகை நேரம் வந்ததும் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் முன்னறையில் முசல்லாவை விரித்துத் தொழுதார். மனைவி அவருக்காக அந்த இடத்தைக் கூட்டி வைத்தாள். நான் கடைக்குப் போவதும் வருவதுமாக, அவர் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் நடமாடப் பழகிக்கொண்டேன். எண்ணெல்லாம் ஐம்பதும் அறுபதும்தான். எல்லாம் பொய்தான். அந்த மனுசி சாப்பிடவுமில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் வீட்டில் இருந்தேன். மனைவி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கொப்பியைப் புரட்டினாள்.

"தாத்தா, இதில இடைக்கிடை வெறுமையா விட்டிருக்கிறீங்கள். ஏன்?"

"அது தொழுற நேரம் தங்கச்சி."

"எனக்கு அடிச்சதும் பாங்கு சொல்லேக்கதான்."

தாத்தா எங்கள் வீட்டுக் கதிரையில் மெல்ல இருந்தார். அன்றுதான் முதல் தடவையாக அவர் அதில் இருந்தார்.

விசயம் இவ்வளவுதான். சனங்கள் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீர் வேண்டும் என்று ஹாஜியார் பாங்கு நேரத்தில்தான் கிணற்று மோட்டரைப் போடுவார். மோட்டர் மதிலுக்கு அந்தப் பக்கம். பாங்குச் சத்தத்தில் அது ஓடுவது எங்களுக்குக் கேட்காது. பாங்கு கேட்டதும் தாத்தா மீட்டரைக் கீழே வைத்துவிடுவார். மோட்டர் கரண்டை இரும்புப் பைப்பில் விடுகிற நேரமும், அவர் அளக்காத நேரமும் ஒன்றாகவே இருந்தன. கரண்டுக்குச் சுமை போட்டுப் பார்த்தவர், தான் இல்லாத நேரத்தை மட்டும் பார்க்கவில்லை.

அவர் எழும்பி, கிளிப் இரண்டையும் கவ்வவைத்து, பல்பையும் மாட்டி, மீட்டரையும் கொப்பியையும் என் மனைவியின் முன்னால் வைத்து, பென்சிலை அவளுடைய இடது கையில் கொடுத்தார். "நீங்க பார்த்து எழுதுங்க. பைப்பைத் தொட்டுடாதீங்க." அஸர் பாங்கு சொன்னது. அவர் உள்ளே போய்த் தொழுகைக்கு நின்றார். நான் கதவடியில் நின்றேன். பூச்சியம். பூச்சியம். பிறகு நூற்றி முப்பத்தெட்டு. பல்பு மங்கலான மஞ்சளில் எரியத் தொடங்கியது. மனைவி கோணல் எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனாள். அவர் நடுவில் திரும்பிப் பார்க்கவில்லை, அவசரப்படவுமில்லை. முழுவதும் தொழுது, சலாம் கொடுத்துத் திரும்பியபோது பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஹாஜியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. புது மோட்டர், நல்ல மோட்டர் என்றார். தாத்தா வாதாடவில்லை.

"சரி ஹாஜியார். மோட்டர் ஓடக்குள்ளயே, செருப்பைக் கழட்டி ஈரத்தில நின்டு இந்தப் பைப்பைப் பிடிங்க. பாப்பம்."

ஹாஜியார் ஒரு செருப்பைக் கழற்றினார். எரிகிற பல்பைப் பார்த்தார். கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை எலெக்ட்ரீசியன் வந்து மோட்டரை மாற்றினார். அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்று கரண்ட் கசிந்தால் தானே விழுந்து நிறுத்துகிற ட்ரிப் சுவிச்சை யாரோ விட்டுவிட்டு நேராக வயர் கொடுத்திருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்துச் சரியாக்கினார். தாத்தா ஒரு ஆணியையும் தொடவில்லை. பக்கத்தில் நின்று அளந்தார்.

நாங்கள் மூட்டை கட்டவில்லை.

அந்த வருட முடிவில் தாத்தா மன்னாருக்குப் போனார். "பேப்பர்ல எல்லாம் எங்கட காணிதான். அங்க போய் இருந்து பார்த்தாத்தான் தெரியும். பொய்க் கரண்டாவும் இரிக்கலாம்" என்றார். நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தையல் மெஷினைப் பஸ்ஸின் பின்பக்கம் ஏற்றிக் கட்டினேன், தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்தேன், யன்னல் பக்கம் இடம் பிடித்தேன், கேட்கவேண்டியதை மட்டும் கேட்கவில்லை. அவர் பைக்குள் கையை விட்டு வாப்பாவின் முள் மீட்டரை எடுத்தார்.

"ஒரு கிழமைக்கு வச்சிக்கோங்க தம்பி."

பஸ் போய்விட்டது. கிழமை போனது, மாதம் போனது. தொலைபேசி எண்ணும் ஒருநாள் வேலை செய்யாமல் போனது. போகுமுன் அவர் கொப்பியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. இரண்டு வருடம் கழித்து அலுமாரியில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது கையில் அகப்பட்டது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் மூன்று வரி.

நான் - லுஹரில் - பிழை.

தங்கச்சி - சுமையோடு - பன்னிரண்டரை.

தம்பி - சுமையோடு - எட்டு. திரும்பப் பார்க்க வேண்டும்.

கொப்பியை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மனைவி பின்னால் வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அவளுடைய வலது கை இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது.

"எட்டு எண்டதே கூட. பாவம் பாத்துப் போட்டிருக்கிறா" என்றாள்.

முள் மீட்டர் அதே துணியில், அதே அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. உள்ளே இருக்கிற சின்னப் பற்றரி கசிந்து அதைத் தின்றுவிடாமல் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வீட்டில் நிற்கும்போது பாங்கு சொன்னால், மோட்டர் ஓடுகிற நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கக் குழாயைப் பிடித்துப் பார்க்கிறேன். அதில் ஒன்றுமில்லை. பிறகு ஒழுங்கையை எட்டிப் பார்க்கிறேன். திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதியவர் இன்னும் வரவில்லை.